ஒரே ரெஸ்பான்ஸ் ஷீட், மூன்று விதமான மார்க்: கேட் ஆன்சர் கீயை வைத்து எப்படிச் சரியாகக் கணக்குப் போடுவது?

ஈரோடு_மஞ்சள்

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள், இரண்டாவது செஷன் எழுதினேன். பி.இ. கடைசி வருஷம், முதல் தடவை. ஆன்சர் கீ, அதாவது அவர்கள் வெளியிடும் விடைப் பட்டியல், வந்து மூன்று நாள் ஆகிறது, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. மார்க் குறைந்துவிட்டது என்றால்கூட அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், என் மார்க் எது என்றே தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை.

நானே ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு கேள்வியாக டிக் அடித்துக் கூட்டினேன், 50.33 வந்தது. ஹாஸ்டல் தோழி ஒருத்தி அவளுடைய எக்செல் ஷீட்டில் என் விடைகளைப் போட்டாள், 39.67 என்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் ரெஸ்பான்ஸ் ஷீட் (நான் குறித்த விடைகளின் பதிவு) லிங்கை ஒட்டினால் தானாகவே கணக்குப் போடும் ஒரு தளத்தில் போட்டேன், 48.83 என்று காட்டி, கூடவே ஒரு ரேங்கையும் சொல்லி, அதற்குக் கீழேயே அடுத்த வருஷ கோச்சிங்குக்கு விளம்பரமும் போட்டிருந்தார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான்: என் செஷனுடைய கீயைத்தான் எடுத்தேன், முதல் செஷன் கீயை அல்ல. தப்பான எம்.சி.க்யூ.வுக்கு (ஒரு விடை மட்டும் சரியான கேள்வி) நெகட்டிவ் கழித்தேன். இரண்டு மார்க் எம்.எஸ்.க்யூ. (ஒன்றுக்கு மேல் விடை சரியாக இருக்கலாம்) இரண்டில் கீ மூன்று விடை சொல்கிறது, நான் அதில் இரண்டை மட்டும் சரியாகக் குறித்திருந்தேன், அதனால் எனக்கு நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கொடுத்துக்கொண்டேன். இரண்டு மார்க் என்.ஏ.டி. (விடையை எண்ணாக நாமே எழுதுவது) ஒன்றில் என் விடை கீயில் கொடுத்த ரேஞ்சுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது, அதையும் சரி என்று சேர்த்துக்கொண்டேன், வேண்டுமானால் கீ தப்பு என்று சேலஞ்ச் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "ஒரே சீட்டை மூணு பேர் கூட்டி மூணு தொகை வந்தா சீட்டு மேல தப்பில்ல, கூட்டினவங்க மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். கையில் ஒரு கம்பெனி ஆஃபர் இருக்கிறது. எம்.டெக்.கா வேலையா என்று வீட்டில் பேச்சை ஆரம்பிக்கவே ஒரு எண் வேண்டும். எதை நம்புவது?

ஷீட்டும்_சுண்டலும்

முதலில் ஒரு கேள்வி. நோட்டில் கூட்டினது ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பார்த்தா, ரஃப் பேப்பரில் என்ன குறித்தோம் என்று ஞாபகத்தில் இருந்தா? ஞாபகத்தை வைத்துப் போட்ட எந்தக் கணக்கும் ஐந்து மார்க் கூடத்தான் காட்டும், இது எனக்கு நடந்தது.

பழைய_கேட்_பாவி

மூன்று தடவை கேட் எழுதி, மூன்று தடவையும் கீ வந்த அன்றைக்கு ராத்திரி கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். உங்களுடைய மூன்று எண்களுமே தப்பு. ஆனால் மூன்றும் சேர்ந்து சரியான எண்ணைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

தளத்தின் 48.83-ஐ எடுங்கள். கேட் ரா மார்க், அதாவது நேரடியாகக் கூட்டின மார்க், எதுவானாலும் .00, .33, .67 இந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும், ஏனென்றால் கூடுவது முழு எண், குறைவது மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. .83 என்று ஒரு மார்க் இந்தப் பரீட்சையில் பிறக்கவே முடியாது. எங்கேயோ யாரோ அரை மார்க் கொடுத்திருக்கிறார்கள். அரை மார்க் வர ஒரே வழி, ஒரு மார்க் எம்.எஸ்.க்யூ.வுக்குப் பாதி கொடுப்பது. அதாவது அந்தத் தளம் எம்.எஸ்.க்யூ.வுக்குப் பகுதி மதிப்பெண் போடுகிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கு எழுதின புரோகிராமை அப்படியே இங்கேயும் ஓட்டுகிறார்களோ என்னவோ.

கேட்டில் பகுதி மதிப்பெண் கிடையாது. 2021-ல் எம்.எஸ்.க்யூ. வந்ததிலிருந்தே அப்படித்தான். கீயில் ஏ;பி;டி என்று இருந்தால் மூன்றையும் குறித்திருக்க வேண்டும், சி-யைத் தொட்டிருக்கக் கூடாது, இல்லையென்றால் பூஜ்யம். ஆறுதல் என்னவென்றால் தப்பானாலும் நெகட்டிவ் இல்லை. என்.ஏ.டி.யும் அப்படியே: ரேஞ்சுக்குள் இருந்தால் முழு மார்க், ஒரு மயிரிழை வெளியே இருந்தாலும் பூஜ்யம், நெகட்டிவ் இல்லை. நெகட்டிவ் எம்.சி.க்யூ.வுக்கு மட்டும்தான், ஒரு மார்க்குக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க்குக்கு மூன்றில் இரண்டு பங்கு.

சரி, இப்போது உங்கள் 50.33. அதில் நீங்களே கொடுத்துக்கொண்ட இரண்டு பாதிகளை எடுத்தால் 48.33. அந்தப் "பக்கத்து" என்.ஏ.டி.யை எடுத்தால் 46.33. தளம் அந்த என்.ஏ.டி.யைச் சரியாகப் பூஜ்யமாகத்தான் வைத்திருக்கும். ஆனால் அதே இரண்டு எம்.எஸ்.க்யூ.வுக்கு ஒன்று ஒன்று, நீங்கள் கவனிக்காத இன்னொரு ஒரு மார்க் எம்.எஸ்.க்யூ.வுக்கு அரை, ஆக 2.5 கூடக் கொடுத்திருக்கும். 48.83-இல் 2.5 போனால் அதே 46.33.

தோழியின் 39.67-க்கும் இதற்கும் 6.67 வித்தியாசம், அதாவது மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணினால் 20 பங்கு. என் சந்தேகம், அவள் ஷீட் தப்பான எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் போடுகிறது. ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தப்பாகப் போட்ட எம்.எஸ்.க்யூ., என்.ஏ.டி. இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். ஒரு மார்க் கேள்வியை ஒன்று என்றும் இரண்டு மார்க் கேள்வியை இரண்டு என்றும் எண்ண வேண்டும். கூட்டினால் 20 வர வேண்டும். வராவிட்டால் நான் பாவி என்ற பெயரைக்கூட விட்டுவிடுகிறேன்.

எண்ணும்போது ரெஸ்பான்ஸ் ஷீட்டை இடது பக்கமும் கீயை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து போடுங்கள். பழைய நோட்டைப் பார்க்காதீர்கள். பார்த்தால் பழைய தப்பையே கண் மறுபடி சரி என்று சொல்லும்.

கடைசி_பெஞ்ச்_கரண்ட்

பாவி அண்ணன் சொன்னதோடு என் அவமானக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் எலக்ட்ரிக்கல். கீ வெளியான அன்றைக்குத் திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு போனிலேயே சரிபார்த்தேன். கீயில் கேள்வி 27-க்கு சி, என் ஷீட்டில் 27-ஆவது கேள்விக்கு நான் குறித்தது ஏ. தப்பு. 28 தப்பு. 29 தப்பு. என்.ஏ.டி.க்கு கீயில் ஏதோ 4.1 என்று இருக்கிறது, நான் எழுதினது 120. அத்தனையும் தப்பு. மொத்தம் 9 சொச்சம் வந்தது. தஞ்சாவூர் பஸ் ஏற வேண்டியவன் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போதுதான் தெரிந்தது.

விஷயம் என்னவென்றால், கீயில் உள்ள கேள்வி எண் அவர்கள் வெளியிடும் மாஸ்டர் வினாத்தாளின் எண். உங்களுக்கு வந்த தாளில் வரிசை கலைந்திருக்கும். அதனால் எண்ணுக்கு எண் பார்க்கக் கூடாது. மாஸ்டர் வினாத்தாளைத் திறந்து, கேள்வியைப் படித்து, அதே கேள்வி உங்கள் ஷீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி, ஏ பி சி டி என்ற எழுத்தைக்கூட நம்பாமல் விடையின் வாசகத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான், 65 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வீட்டுக்குப் போய் அப்படிச் செய்தபோது எனக்கு 41.67 வந்தது.

இன்னொன்று. ஷீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். விடையைக் குறித்துவிட்டு ரிவ்யூவுக்கு வைத்தது திருத்தலில் சேரும், பயம் வேண்டாம். ஆனால் விடையைத் தட்டிவிட்டு சேவ் அண்ட் நெக்ஸ்ட் அழுத்தாமல் பக்கத்து எண்ணைத் தொட்டுத் தாவிப் போயிருந்தால் அது பதிலளிக்காததுதான். எனக்கு அப்படி ஒரு இரண்டு மார்க் என்.ஏ.டி. போயிற்று. விடை மண்டையில் இருக்கிறது, ரஃப் பேப்பரில் இருக்கிறது, ஷீட்டில் இல்லை.

ஈரோடு_மஞ்சள்

ஷீட்டைப் பார்த்துத்தான் கூட்டினேன், ஞாபகத்தில் இல்லை. கேள்வியையும் படித்துத்தான் ஒப்பிட்டேன், அந்த மட்டும் தப்பித்தேன்.

இப்போது முதலிலிருந்து போட்டுவிட்டேன். அப்படியே ஒட்டுகிறேன்.

ஒரு மார்க்: எம்.சி.க்யூ. 13 சரி, 4 தப்பு. எம்.எஸ்.க்யூ. 2 சரி, 3 தப்பு. என்.ஏ.டி. 4 சரி, 1 தப்பு.
இரண்டு மார்க்: எம்.சி.க்யூ. 9 சரி, 5 தப்பு. எம்.எஸ்.க்யூ. 2 சரி, 5 தப்பு. என்.ஏ.டி. 5 சரி, 3 தப்பு.
மீதி 9 கேள்வியைத் தொடவில்லை.

சரியானதற்கு 19-ம் 32-ம் சேர்த்து 51. எம்.சி.க்யூ. நெகட்டிவ் 1.33-ம் 3.33-ம் சேர்த்து 4.67. ஆக 46.33.

தப்பான எம்.எஸ்.க்யூ., என்.ஏ.டி.: ஒரு மார்க்கில் நான்கு, இரண்டு மார்க்கில் எட்டு. 4 + 16 = 20. அண்ணா, நீங்கள் பாவி என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம்.

தோழியிடம் கேட்டேன், அவள் ஷீட்டில் நெகட்டிவ் மார்க் கட்டங்களுக்கு ஒரே ஃபார்முலாவை எழுதி மேலிருந்து கீழே இழுத்துவிட்டாளாம். அவளுக்கும் இப்போது நான்கு மார்க் கூடிவிட்டது. மெஸ்ஸில் எல்லோருக்கும் குலாப் ஜாமூன் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஒரு மார்க் எம்.எஸ்.க்யூ.வும் கிடைத்தது. நான் ஒரு விடைதான் குறித்திருந்தேன், கீயில் இரண்டு. எனக்கே பாதி கொடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, தளத்துக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் அந்த என்.ஏ.டி. இன்னும் உறுத்துகிறது. எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன். ஸ்டாப் அண்ட் வெயிட் (ஒரு ஃபிரேமை அனுப்பி, ஒப்புகை வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் முறை), ஃபிரேம் 1000 பிட், லிங்க் வேகம் 1 எம்.பி.பி.எஸ்., ஒரு பக்கத்துக்குப் பரவும் நேரம் 20 மில்லிவினாடி, ஒப்புகைச் சீட்டின் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், லிங்க் எத்தனை சதவீதம் பயன்படுகிறது, இரண்டு தசமத்துக்குச் சொல். நான் 2.50 எழுதினேன். கீ 2.43 முதல் 2.45 வரை. 0.05 தானே வித்தியாசம், ரேஞ்சைக் கொஞ்சம் விரித்தால் என் விடையும் உள்ளே வந்துவிடும் என்று சேலஞ்ச் போடலாமா? இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

நெட்வொர்க்_அக்கா

போடாதேம்மா. கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறேன், வருஷா வருஷம் பாதி வகுப்பு இந்த 2.50-ஐத்தான் எழுதித் தரும்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று சொல்லட்டுமா? 1000 பிட்டை 1 எம்.பி.பி.எஸ்.ஸில் அனுப்ப 1 மில்லிவினாடி. போக 20, வர 20, மொத்தம் 40. ஒன்றை நாற்பதால் வகுத்தால் 2.50. ஆனால் அனுப்புகிறவர் சும்மா இருப்பது அந்த 40 மட்டும். ஒரு சுற்று முழுவதும் என்றால் ஃபிரேமை வெளியே தள்ளும் அந்த 1 மில்லிவினாடியும் உண்டு. 1 + 40 = 41. ஒன்றை 41-ஆல் வகுத்தால் 2.439, இரண்டு தசமத்துக்கு 2.44. கீயின் ரேஞ்ச் 2.44-க்கு இரண்டு பக்கமும் ஒரு படி விட்டிருக்கிறது, அதாவது கணக்கின் நடுவில் ரவுண்ட் பண்ணினவர்களுக்காக. உன்னுடையதில் ரவுண்டிங் தப்பில்லை, கீழ் எண்ணிலேயே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ரேஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல். பரவும் நேரம் 2 மில்லிவினாடி என்று கொடுத்திருந்தால் இதே தப்புக்கு நீ 25 எழுதியிருப்பாய், சரியான விடை 20 ஆகியிருக்கும், அப்போது பக்கத்தில் என்று சொல்லியிருக்கவே மாட்டாய்.

சேலஞ்சுக்குக் காசு கட்ட வேண்டும், கேட் 2024-ல் ஒரு கேள்விக்கு 500 ரூபாய். காசைவிட, அதைத் தயாரிக்கிற நேரம். எது நிற்கும் எது நிற்காது என்று சொல்கிறேன். கேள்வியில் ஒரு அனுமானம் விட்டுப்போய் அதனால் இரண்டு விடை வர முடிகிறதா, நிற்கும். எம்.சி.க்யூ.வில் இரண்டு விருப்பங்கள் உண்மையிலேயே சரியா, எல்லாரும் படிக்கிற பாடப்புத்தகத்தில் பக்கம் காட்ட முடியுமா, நிற்கும். கேள்வியிலேயே அச்சுப்பிழையா, நிற்கும். "என் விடையும் கிட்டத்தட்ட சரிதானே" என்பது நிற்கவே நிற்காது. போன வருஷம் என்னிடம் படித்த ஒரு பையன் நான்கு கேள்விக்குக் கட்டினான், நான்கும் கிட்டத்தட்ட ரகம். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு, இந்த ரெண்டாயிரம் திரும்ப வருமா மேடம் என்றார்.

உன்னுடைய தப்பான எம்.சி.க்யூ. ஒன்பதையும் ஒரு தடவை பார். அதில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே சந்தேகமாக இருந்தால் இங்கே எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

நான்_வந்தது_ரேங்குக்கு

எல்லாரும் தளத்தைத் திட்டுகிறீர்கள். எனக்கு ப்ரெடிக்டர் சொன்ன ரேங்குக்கும் வந்த ரேங்குக்கும் இருபதுதான் வித்தியாசம். ரா மார்க் ஒன்றிரண்டு தப்பாக இருந்தாலும் ரேங்க் சரியாகத்தான் வருகிறது. மஞ்சள் அக்கா, அது என்ன ரேங்க் காட்டியது?

பழைய_கேட்_பாவி

தம்பி, உனக்கு வந்தது சந்தோஷம். எனக்கும் முதல் வருஷம் கிட்டத்தட்ட சரியாக வந்தது, அடுத்த வருஷம் எண்ணூறு தள்ளிப் போயிற்று. தன் லிங்கை அந்தத் தளத்தில் ஒட்டுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார். பரீட்சை ஹாலை விட்டு வரும்போதே போச்சு என்று தெரிந்தவன் ஒட்ட மாட்டான். ஒட்டினவர்களுக்குள்ளே நீ எத்தனையாவது என்பதைத் தளம் நன்றாகச் சொல்லும். மீதிப் பேரை அது போன வருஷத்தை வைத்து ஊகித்து நிரப்புகிறது. தாளின் கடினம் போன வருஷம் மாதிரியே இருந்தால் சரியாக வரும், மாறினால் வராது.

மஞ்சள் தங்கச்சி, ரேங்கை விடுங்கள், ஸ்கோரைப் பார்ப்போம், ஏனென்றால் அட்மிஷனில் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். 1000-க்கு வரும் அந்த ஸ்கோர் இப்படி: கட்-ஆஃப் மார்க் வாங்கினவருக்கு 350. முதல் 0.1 சதவீதம் பேர், அது பத்துப் பேருக்கும் குறைவு என்றால் முதல் பத்துப் பேர், அவர்களுடைய சராசரி மார்க்குக்கு 900. இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு நேர்கோடு, அதில் உங்கள் மார்க் எங்கே விழுகிறதோ அது உங்கள் ஸ்கோர். கட்-ஆஃப் என்பது 25, அல்லது எல்லாருடைய சராசரியோடு திட்ட விலக்கத்தைக் கூட்டினது, எது பெரிதோ அது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவு கட்-ஆஃப் 2022-ல் 25, 2023-ல் 32.5, 2024-ல் 27.6. உச்சத்துச் சராசரியை என் ஊகமாக 80 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் 46.33-ஐ 2024 கட்-ஆஃபில் போட்டால் 350 + 550 × 18.73 ÷ 52.4, கிட்டத்தட்ட 547. 2023 கட்-ஆஃபில் போட்டால் 510. 2022 கட்-ஆஃபோடு உச்சத்தையும் 75 ஆக்கிப் பார்த்தால் 585. அதே மார்க், அதே பெண், 75 ஸ்கோர் வித்தியாசம். ஒரு மார்க்குக்குச் சுமார் பத்து ஸ்கோர் என்று வைத்தால், இவ்வளவு நேரம் சண்டை போட்ட அந்த என்.ஏ.டி. இருபது ஸ்கோர்தான்.

இதில் பலர் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஓ.பி.சி.க்கு கட்-ஆஃப் பொதுப்பிரிவில் 90 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2024-ல் 24.8-ம் 18.4-ம். தகுதி பெற்றோமா என்று பார்க்க அது. ஸ்கோர் கணக்கில் எல்லாருக்கும் பொதுப்பிரிவுக் கட்-ஆஃபையே போட வேண்டும். தன் பிரிவின் கட்-ஆஃபைப் போட்டு ஐம்பது அறுபது ஸ்கோர் கூடுதலாகக் கனவு கண்டு, ரிசல்ட் அன்றைக்கு உடைந்துபோன ஒருவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் உங்களுக்கு இரண்டு செஷன், நார்மலைசேஷன் வேறு இருக்கிறது. ஒவ்வொரு செஷனுடைய சராசரி, திட்ட விலக்கம், உச்சத்தின் சராசரி இவற்றை மொத்தப் பேரின் எண்களோடு ஒப்பிட்டு மார்க்கையே நகர்த்துவார்கள். உங்கள் செஷன் கஷ்டமாக இருந்திருந்தால் பொதுவாகக் கூடும், எளிதாக இருந்திருந்தால் குறையும். அந்த எண்கள் நம் கையில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து போட வழியும் இல்லை. "செகண்ட் செஷன் கஷ்டம், நாலு மார்க் ஏறும்" என்று டெலிகிராமில் சொல்கிறவருக்கும் இல்லை. ஸ்கோர்கார்டில் 47.12 என்கிற மாதிரி ஏதாவது வந்தால், அப்போது வந்து .12 பிறக்கவே முடியாதே என்று என்னைப் பிடிக்காதீர்கள், அது நார்மலைஸ் ஆன மார்க்.

கடைசி_பெஞ்ச்_கரண்ட்

ஃபைனல் கீ வரும்போது எம்.டி.ஏ. (மார்க்ஸ் டு ஆல்) வந்தால்? எனக்கு இரண்டு கேள்விக்கு எல்லாருக்கும் மார்க் என்று கொடுத்தார்கள். துள்ளிக் குதித்தேன், ஸ்கோர் நினைத்த அளவு ஏறவில்லை.

பழைய_கேட்_பாவி

எல்லாருக்கும் மார்க் என்றால் எல்லாருக்கும்தானே. உன்னோடு சேர்ந்து சராசரியும் ஏறுகிறது, கட்-ஆஃபும் ஏறுகிறது. அதில் லாபம் தப்பான எம்.சி.க்யூ. போட்டவனுக்கு: இரண்டு மார்க் கேள்வி என்றால் போன 0.67 திரும்பி வந்து மேலே இரண்டும் கிடைக்கிறது, 2.67. நஷ்டம் ஏற்கனவே சரியாகப் போட்டவனுக்கு. அவனுக்கு ஒன்றும் கூடாது, சுற்றி இருக்கிறவர்கள் மட்டும் ஏறுவார்கள். என் இரண்டாவது அட்டெம்ப்டில் நான் கால் மணி நேரம் மல்லுக்கட்டிச் சரியாகப் போட்ட கேள்வியையே எம்.டி.ஏ. ஆக்கினார்கள். இன்னும் ஆறவில்லை.

நெட்வொர்க்_அக்கா

வீட்டில் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 46.33 என்று சொல்லு, அது கீ மாறாத வரை உறுதியான எண். ஸ்கோரை 510-லிருந்து 585-க்குள் என்று சொல்லு. அதை எடுத்துக்கொண்டு எம்.டெக். கவுன்சலிங் நடத்தும் சி.சி.எம்.டி. தளத்துக்குப் போ, என்.ஐ.டி.களுக்கு முந்தைய வருஷங்களில் எந்தப் படிப்பு எந்தச் சுற்றில் எந்த ஸ்கோரில் முடிந்தது என்று பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். 510-இல் எது கிடைக்கும், 585-இல் எது கிடைக்கும் என்று இரண்டு பட்டியல் எழுது. 510 பட்டியலில் உனக்குப் பிடித்தது ஒன்றாவது இருந்தால் பேச்சை ஆரம்பிக்கலாம். 585 பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது என்றால் ரிசல்ட் வரும் வரை வாயைத் திறக்காதே. ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொரு துறைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆஃபர் வந்தால் ஏற்பது காத்திருப்பது எல்லாம் கோப் என்ற பொதுத் தளம் வழியாக. தமிழ்நாட்டிலேயே எம்.இ. என்றால் டான்கா கவுன்சலிங்கில் கேட் மார்க்கையும் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் நுழைவுத் தேர்வான சீட்டா-பி.ஜி.க்கு ஏற்கனவே விண்ணப்பித்திருந்தால் அதையும் போய் எழுதிவிட்டு வா.

கேட் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும் என்பதையும், கேட் மூலம் எம்.டெக். சேருகிறவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய் என்பதையும் அப்பாவிடம் சொல்லிவை. கணக்கு எழுதுகிறவர் என்றாயே, அந்த எண் அவருக்குப் பிடிக்கும்.

ஈரோடு_மஞ்சள்

எல்லாருக்கும் நன்றி. சேலஞ்ச் போடவில்லை. ஒன்பது எம்.சி.க்யூ.வையும் பார்த்தேன் அக்கா, ஒன்பதும் அப்பட்டமாக என் தப்புதான். அதில் ஒன்று ஆப்டிடியூடில் ஒரு சதவீதக் கணக்கு, அப்பாவிடம் காட்டியிருந்தால் மனக்கணக்கிலேயே சொல்லியிருப்பார்.

46.33 என்று அப்பாவிடம் சொன்னேன். "இதுதான் கடைசிக் கூட்டா?" என்றார். ஆமாம் என்றேன். நோட்டை வாங்கி, சரியானது தப்பானது எல்லாவற்றையும் அவர் பங்குக்கு ஒரு தடவை கூட்டி, 46.33-க்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். 510 பட்டியலில் மூன்று பெயர் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேசப்போகிறோம்.